வாசித்த புத்தகமும் வீட்டில் பிடித்த இடமும்: எங்கள் கூடலைப் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இலங்கை மலையகத்தின் தேயிலைத் தோட்டங்களுக்கு நடுவில் இருக்கிற ஹட்டன் டவுனில் மாதம் ஒருமுறை வாசகர்கள் சிலர் கூடுகிறோம். வருகிற ஒவ்வொருவரும் இரண்டு விஷயம் பேச வேண்டும். ஒன்று, அண்மையில் வாசித்தது. மற்றது, தன் வீட்டில் தனக்கு மிகவும் பிடித்த இடம். வர நினைப்பவர்கள் பஸ்ஸிலும் சந்தையிலும் ஃபோனிலும் கேட்கிற கேள்விகளைச் சேர்த்து, எனக்குத் தெரிந்த பதில்களை எழுதியிருக்கிறேன்.

கூடலில் என்னதான் நடக்கும்?

வட்டமாக உட்காருவோம். ஒருவர் புத்தகத்தைக் கையில் எடுத்துப் பேசுவார், பிடித்த பக்கம் ஒன்றை வாசித்துக் காட்டுவார், பிறகு வீட்டைப் பற்றிச் சொல்வார். மற்றவர்கள் கேள்வி கேட்பார்கள். அடுத்தவர் தொடங்குவார். நடுவில் பிளேன்டீயும் ஏதாவது பணியாரமும் உண்டு. மேடை, மாலை, பொன்னாடை, தலைமையுரை ஒன்றும் கிடையாது. இலக்கியக் கூட்டம் என்றால் வரவேற்புரையிலேயே பாதி மாலை போய்விடுகிற வழக்கம் நம்மிடம் இருக்கிறது. தூரத் தோட்டத்திலிருந்து வருகிறவர்களுக்குக் கடைசி பஸ்ஸைப் பிடிக்க வேண்டும், அவர்கள் பேசாமலே திரும்பிப் போகக் கூடாது.

தோட்டத்தில் தேயிலைக் கொழுந்து எடுக்கிற அக்காமார் வருகிறார்கள். டீச்சர்மார், ஏ.எல். படிக்கிற பிள்ளைகள், கொழும்பில் கடையில் வேலை செய்து லீவுக்கு வந்த தம்பிமார், ஓய்வுபெற்ற கணக்கப்பிள்ளை ஒருவர், சலூன் வைத்திருக்கிற அண்ணன் ஒருவர் என்று பலரும் வருகிறார்கள். முறைசொல்லித்தான் கூப்பிடுவோம். ‘ஐயா’, ‘அக்கா’, ‘தங்கச்சி’ போதும், பதவிப் பெயர்கள் வேண்டாம்.

புத்தகத்தோடு வீட்டை ஏன் சேர்த்தீர்கள்? அது இரண்டும் வேறு வேறு அல்லவா?

அதிகம் கேட்கப்படுகிற கேள்வி இதுதான். புத்தகத்தைப் பற்றி மட்டும் பேசச் சொன்னால் நம்மவர்கள் ஓ.எல். பரீட்சைக்கு விடை எழுதுகிற மாதிரி பேசத் தொடங்கிவிடுகிறார்கள். கதைச்சுருக்கம், பாத்திரப் படைப்பு, ஆசிரியர் சொல்ல வந்த கருத்து என்று வரிசையாக வரும். அந்த ஆளுக்கு அந்தப் புத்தகம் என்ன செய்தது என்பது மட்டும் வராது. “அதை எங்கே உட்கார்ந்து வாசித்தீர்கள்?” என்று கேட்டால் குரல் மாறிவிடும். அடுப்படியில், புள்ளை தூங்கின பிறகு, கரண்ட் போன இரவில் மெழுகுதிரி வைத்து என்று சொல்லத் தொடங்குவார்கள். அங்கிருந்து புத்தகத்துக்குப் போனால் பேச்சு உண்மையாக இருக்கும்.

இன்னொரு காரணமும் உண்டு, எனக்கு அதுவே பெரிது. மலையகத்து வீட்டைப் பெரும்பாலும் வெளியிலிருந்து வருகிறவர்கள்தான் விவரித்திருக்கிறார்கள். சுற்றுலாப் படங்களில் பச்சை மலையும் கூடை சுமந்த பெண்ணின் சிரிப்பும் வரும், லயம் வராது, தோட்டத் தொழிலாளருக்கென்று வரிசையாக ஒட்டிக் கட்டின வீடுகளைத்தான் லயம் என்கிறோம். அறிக்கைகளில் லயம் வரும். எத்தனை காம்பரா (அறை), எத்தனை மலசலகூடம், கூரைத் தகரத்தின் வயது என்ன என்று கணக்கோடு வரும். அந்தக் கணக்குகள் தேவை, அவை இல்லாமல் உரிமை கேட்க முடியாது. ஆனால் அந்தக் காம்பராவில் பிறந்து வளர்ந்த ஒருவரிடம் “உங்கள் வீட்டில் உங்களுக்குப் பிடித்த இடம் எது?” என்று யாரும் கேட்பதில்லை. முதல் தடவை கேட்கும்போது பலர் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டுத்தான் பதில் சொல்கிறார்கள். சொல்லத் தொடங்கினால் நிறுத்த முடிவதில்லை.

எங்களுக்கு இருப்பது ஒரு காம்பராவும் ஒரு குசினியும். அதில் ‘பிடித்த இடம்’ என்று எதைச் சொல்ல?

10 அடிக்கு 12 அடி காம்பரா, முன்னால் ஒடுக்கமான இஸ்தோப்பு (முன்திண்ணை), அடுப்புக்கு ஒரு மூலை. பழைய லயத்தின் அளவு பெரும்பாலும் இதுதான். இதற்குள் மூன்று தலைமுறை படுத்து எழும்புகிற வீடுகள் இன்னும் இருக்கின்றன. ‘எனக்கென்று ஒரு அறை’ என்பது நம்மில் மிகச் சிலருக்கே கிடைத்தது. அதனால்தான் ‘பிடித்த அறை’ என்று கேட்காமல் ‘பிடித்த இடம்’ என்று கேட்கிறோம். ஒரு பலகைக்கட்டை போதும், ஒரு படி போதும்.

இதுவரை கேட்டவற்றில் சிலவற்றைச் சொல்கிறேன்.

பொகவந்தலாவைப் பக்கத்திலிருந்து வருகிற ஓர் அக்காவுக்கு இஸ்தோப்பின் அரைச்சுவர்தான் இடம். மலையிலிருந்து வந்து, கைகால் கழுவி, தேத்தண்ணி ஊற்றிக்கொண்டு அங்கே உட்காருவார். சுவரின் மேல்விளிம்பு அந்த ஓர் இடத்தில் மட்டும் வழவழவென்று தேய்ந்திருக்கிறதாம். அவருடைய மாமியாரும் அங்கேதான் உட்கார்ந்தாராம். கீழ்ப் பள்ளத்திலிருந்து மூடுபனி ஏறி வருகிற நேரம் அது. பனி முதலில் பணிய (கீழே உள்ள) லயத்தின் கூரையை மறைக்கும், பிறகு கோயில் மரத்தை மறைக்கும், அது தண்ணீர் பிடிக்கிற பீலிக்கு வருவதற்குள் இரண்டு பக்கம் வாசித்துவிடலாம் என்றார். அதற்குமேல் எழுத்துத் தெரியாது, உள்ளே போய் அடுப்பு மூட்ட வேண்டும். அந்த அக்கா ஒரு நாவலை அப்படித்தான் முடித்தார், ஒரு நாளைக்கு இரண்டு பக்கமாக.

தலவாக்கலையிலிருந்து வருகிற தம்பி ஒருவன் அடுப்புக்கு இடது பக்கத்துப் பலகையைச் சொன்னான். ஜூன், ஜூலை மழையில் வீட்டிலேயே காய்ந்த இடம் அது ஒன்றுதான். வலது பக்கம் உட்கார்ந்தால் புகை கண்ணில் அடிக்கும், இடது பக்கம் தம்பி தங்கைகளோடு சண்டை பிடித்துத்தான் கிடைக்கும். ஏ.எல். பாடம் முழுக்க அங்கே படித்தானாம்.

தொங்கல் வீட்டுக்காரர்கள், அதாவது லயத்தின் கடைசி வீட்டில் இருக்கிறவர்கள், எல்லாரும் ஜன்னலைத்தான் சொல்கிறார்கள். லயத்தின் நடுவில் இருக்கிற வீட்டுக்குப் பக்கச் சுவர் இரண்டும் அடுத்த வீடுகளோடு பொது. முதுகோடு முதுகு ஒட்டிய இரட்டை லயமென்றால் பின்சுவரிலும் ஜன்னல் வைக்க வழியில்லை, வெளிச்சம் முன்வாசலால் மட்டும்தான் வர வேண்டும். தொங்கலில் இருக்கிறவர்களுக்கு மட்டும் ஒரு பக்கச் சுவர் வெளியைப் பார்த்தபடி கிடைக்கிறது. அதில் ஒரு ஜன்னலை உடைத்து வைத்துக்கொள்ள முடிந்தால் வாசிக்கிறவருக்கு அது பெரிய சொத்து. அதைக் கேட்டபோது நடுவீட்டுப் பிள்ளை ஒருத்தி, “எங்கள் வீட்டில் கண்ணாடித் தகடு ஒன்று இருக்கிறது” என்றாள். கூரைத் தகரத்தில் ஓர் அளவு வெட்டி அவளுடைய அப்பா பொருத்தியது. பகல் பதினொரு மணிக்கு அந்த வெளிச்சம் நேரே பாயில் விழுமாம். சனிக்கிழமை அந்த நேரத்துக்காகவே புத்தகம் வைத்திருக்கிறாள்.

பீலிக்கரையைச் சொல்லலாமா என்று கேட்கிறார்கள். சொல்லலாம். வாசலில் வைத்த டேலியாவை, லீக்ஸ் போட்ட பாத்தியை, கோழிக்கூட்டுப் பக்கத்தைச் சொல்லலாம். வீடு எங்கே முடிகிறது என்பதை நாங்கள் தீர்மானிப்பதில்லை.

நாங்கள் 7 பேர்ச் காணியில் கட்டின தனி வீட்டுக்கு வந்துவிட்டோம். பழைய லயத்தைச் சொல்வதா, புதியதைச் சொல்வதா?

உங்கள் விருப்பம். இந்திய உதவியில் கட்டின 550 சதுர அடி வீடுகளிலிருந்து வருகிறவர்கள் பெரும்பாலும் கதவைச் சொல்கிறார்கள், தங்களுடையது என்று பூட்டக்கூடிய அறைக் கதவை. ஓர் அம்மா மட்டும் புதிய வீட்டில் பக்கத்து வீட்டுச் சத்தம் கேட்காமல் தூக்கம் வரவில்லை என்றார். இரண்டையும் அப்படியே கேட்டுக்கொண்டோம்.

‘அண்மையில்’ என்றால் எவ்வளவு அண்மை? முழுதாக வாசித்திருக்க வேண்டுமா?

உங்கள் மனதில் இன்னும் சூடாக இருந்தால் அது அண்மை. முழுதாக முடிக்க வேண்டியதில்லை. பாதியில் நின்றால் ஏன் நின்றது என்று சொல்லுங்கள், அதுவும் நல்ல பேச்சு. ஞாயிறு வீரகேசரியில் வந்த ஒரு சிறுகதை, பிள்ளையின் பாடப்புத்தகத்துக் கவிதை, சமையல் குறிப்பு, சட்டக் கைநூல் எதுவானாலும் சரி. கோயில் திருவிழாவுக்குப் போட்ட மலரில் தோட்டத்து வரலாறு எழுதியிருந்ததை ஒருவர் கொண்டுவந்தார். அன்றைக்கு வந்தவற்றில் எனக்குப் பிடித்தது அதுதான்.

மலையக எழுத்தை மட்டும்தான் பேச வேண்டுமா? தொடங்குவதென்றால் எதில் தொடங்குவது?

எதையும் பேசலாம். ரஷ்ய நாவல், பொன்னியின் செல்வன், துப்பறியும் கதை எல்லாம் வந்திருக்கின்றன. ஆனாலும் நம் மலைகளைப் பற்றி எழுதியதை நம் பிள்ளைகள் வாசிக்காமல் வளர்வது எனக்குப் பெரிய கவலை. டீச்சராகப் போகிற பிள்ளைகூட “நம்மைப் பற்றிப் புத்தகம் இருக்கா?” என்று கேட்கிறாள். இருக்கிறது, நிறையவே இருக்கிறது.

முதலில் என். எஸ். எம். இராமையாவின் ‘ஒரு கூடைக் கொழுந்து’. அந்தப் பெயரில் தொகுப்பாக 1980இல் வந்தது. கதைகள் சிறியவை, தோட்டத்துப் பேச்சு வாயில் வருகிற மாதிரியே இருக்கும். கொழுந்து நிறுக்கிற இடத்தில் என்னென்ன நடக்கும் என்பது தெரிந்த நமக்கு அவருடைய ஒரு சொல்கூட வீணாகாது. கூடலில் உரக்க வாசிக்க இதைவிட நல்ல புத்தகம் எனக்குத் தெரியாது.

அடுத்து தெளிவத்தை ஜோசப். பதுளைப் பக்கத்தில் பிறந்தவர், தெளிவத்தை என்ற தோட்டப் பெயரைத் தன் பெயரோடு சேர்த்துக்கொண்டவர். ‘நாமிருக்கும் நாடே’ 1979இல் வந்த தொகுப்பு. 2013இல் தமிழ்நாட்டில் அவருக்கு விஷ்ணுபுரம் விருது கொடுத்தார்கள். 2022இல் காலமானார். அவருடைய கதைகளில் ஒடுக்கமான வீட்டுக்குள் மனிதர்கள் ஒருவருக்கொருவர் வெட்கப்படாமல் வாழப் படுகிற பாடு வருகிறது. வீட்டைப் பற்றிப் பேசுகிற நமக்கு அது நேரே தொடர்புள்ள விஷயம்.

சி. வி. வேலுப்பிள்ளையையும் விடக் கூடாது. மடக்கொம்பரைத் தோட்டத்தில் 1914இல் பிறந்தார், 1947இல் தலவாக்கலையிலிருந்து பாராளுமன்றத்துக்குத் தெரிவானார். ஆங்கிலத்தில் கவிதை எழுதினார், தமிழில் நாவல் எழுதினார். அவருடைய ‘வீடற்றவன்’ என்ற தலைப்பைப் பாருங்கள். தோட்டத்தில் வேலையும் வீடும் ஒன்றோடொன்று கட்டப்பட்டவை, வேலை போனால் காம்பராவும் போகும். 1948ஆம் ஆண்டுப் பிரஜாவுரிமைச் சட்டம் நாட்டையும் இல்லாமலாக்கியது. 1964இல் சிறிமா – சாஸ்திரி ஒப்பந்தத்தில் இத்தனை இலட்சம் பேர் இந்தியாவுக்கு, இத்தனை இலட்சம் பேர் இலங்கைக்கு என்று பிரித்தார்கள். அந்தத் தலைப்பைச் சொல்லிவிட்டு, “வீட்டில் பிடித்த இடம் எது?” என்று கேட்டால் அந்தக் கேள்விக்கு எவ்வளவு பாரம் என்று விளங்கும்.

வரலாறு பிடித்தவர்களுக்கு மு. நித்தியானந்தனின் ‘கூலித்தமிழ்’, 2014இல் வந்த கட்டுரை நூல். கோப்பிக் காலத்திலேயே நம்மைப் பற்றித் தமிழில் அச்சான நூல்களைத் தேடி எடுத்து எழுதியிருக்கிறார். மேலே சொன்ன இராமையா, ஜோசப், சி. வி. மூவரின் நூல்களையும் ‘வைகறை’ வெளியீடாகக் கொண்டுவந்தவரும் அவர்தான். ஓர் ஆள் பதிப்பிக்க முன்வந்ததால் ஒரு மக்களின் எழுத்து நிலைத்திருக்கிறது என்பதைப் பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டும்.

தமிழ்நாட்டிலிருந்து புதுமைப்பித்தன் 1930களில் எழுதிய ‘துன்பக்கேணி’யும் இலங்கைத் தேயிலைத் தோட்டத்துக் கதைதான். அதை வாசித்துவிட்டு இராமையாவை வாசியுங்கள். வெளியிலிருந்து பார்த்த இரக்கத்துக்கும் உள்ளே இருந்து வந்த குரலுக்கும் உள்ள தூரம் உடனே தெரியும். எனக்கு இராமையாதான் நெருக்கம்.

புத்தகம் எங்கே எடுப்பது? விலை கட்டுபடியாகவில்லையே?

உண்மைதான். இந்தியாவிலிருந்து வருகிற நாவல் ஒன்றின் விலை பல நேரம் தோட்டத்தில் ஒருநாள் வேலைக்குக் கிடைக்கிற சம்பளத்தைத் தாண்டுகிறது. வாங்கித்தான் வாசிக்க வேண்டும் என்று யாரும் நினைக்கக் கூடாது.

பொது நூலகத்தில் அங்கத்தவராகுங்கள். விண்ணப்பத்தில் கையெழுத்து வைக்க ஆள் வேண்டுமென்றால் கூடலில் கேளுங்கள், உதவி செய்ய ஆட்கள் இருக்கிறார்கள். பழைய மலையக நூல்களும் சஞ்சிகைகளும் ‘நூலகம்’ இணையத்தளத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. 2005இலிருந்து ஈழத்து நூல்களை ஸ்கேன் செய்து சேர்த்து வைக்கிறார்கள். கோப்புகள் பெரியவை, ஆகவே டவுனில் வைஃபை உள்ள இடத்தில் ஃபோனில் இறக்கிக்கொண்டு வீட்டில் வாசிப்பது நல்லது. தோட்டத்தில் சிக்னல் வருகிற பாறையைத் தேடி ஏற வேண்டிய தேவையில்லை. செப்டெம்பரில் கொழும்பு சர்வதேசப் புத்தகக் கண்காட்சிக்குப் போகிறவர்களிடம் பட்டியல் கொடுத்து அனுப்புவோம். ஒக்டோபர் தேசிய வாசிப்பு மாதம், அப்போது பாடசாலைகளில் பழைய புத்தகம் சேர்ப்பார்கள், கொடுப்பார்கள். மற்றபடி கூடலிலேயே கைமாற்று உண்டு. வாங்கினவர் பெயரை ஒரு கொப்பியில் எழுதுவோம், அவ்வளவுதான்.

மழைக்காலத்தில் புத்தகம் ஊறிப் பூஞ்சணம் பிடிக்கிறது. என்ன செய்கிறீர்கள்?

மலையில் வாசிக்கிற எல்லாருக்கும் உள்ள தொல்லை. சுவரோடு ஒட்டி வைக்காதீர்கள், லயத்துச் சுவர் தண்ணீரை உறிஞ்சும். நிலத்திலிருந்து உயரமாக, நெருக்கிச் செருகாமல், காற்று ஓடுகிற மாதிரி நிறுத்தி வையுங்கள். பூஞ்சணம் தெரிந்தால் வீட்டுக்கு வெளியே கொண்டுபோய், முதலில் காற்றில் உலரவிட்டு, காய்ந்த பிறகு மெல்லிய தூரிகையால் தட்டுங்கள். ஈரத்தோடு துடைத்தால் கறை தாளுக்குள் இறங்கிவிடும். கடும் வெயிலில் போட்டால் தாள் வளைந்து முறியும், ஆகவே நிழல்தான் நல்லது. நனைந்த பக்கங்களுக்கு நடுவே பத்திரிகைத் தாள் வைத்து மாற்றிக்கொண்டே இருந்தால் ஈரம் இழுக்கும். சப்பாத்துப் பெட்டிக்குள் வருகிற சிறிய சிலிக்கா பொட்டலங்களை எறியாமல் பிஸ்கட் டின்னில் புத்தகத்தோடு போட்டு மூடுங்கள்.

பழைய ஆட்கள் அடுப்புக்கு மேலே விறகு காய்கிற பரணில் ஓரமாக வைப்பார்கள். பூச்சி வராது. புகை வாசனை ஏறிவிடும், தாளும் மஞ்சளாகும். அப்படி ஒரு பரணிலிருந்து இறங்கின இராமாயணத்தை ஓர் ஐயா கொண்டுவந்தார். அட்டை கறுத்து, ஓரங்கள் எண்ணெய்ப் பிசுக்கோடு இருந்தது, உள்ளே ஒரு பக்கமும் அரிக்கப்படவில்லை. வாசித்து முடிகிற வரை அந்த மண்டபத்தில் விறகுப் புகை மணந்தது.

என் அம்மாவுக்கு வாசிக்கத் தெரியாது. கூட்டிக்கொண்டு வரலாமா?

கட்டாயம் கூட்டிக்கொண்டு வாருங்கள். அம்மாவுக்குத் தாலாட்டு தெரியும், ஒப்பாரி தெரியும், காமன் கூத்தில் மாசி மாதம் பாடுகிற பாட்டுத் தெரியும். நாங்கள் அதை ‘அண்மையில் வாசித்தது’ என்றே எடுத்துக்கொள்கிறோம். இந்த மலைகளில் 1869இல் நோய் விழுந்து கோப்பி அழியத் தொடங்கியது, பிறகு தேயிலை வந்தது. ஆனால் கோப்பிக் கன்று நட்டதைச் சொல்லுகிற பாட்டு நம் கிழவிகளின் வாயில் இன்னும் இருக்கிறது. கோப்பிச் செடியையே கண்ணால் காணாதவர் அந்தப் பாட்டைப் பாடுகிறார். சி. வி. இந்தப் பாடல்களின் அருமை தெரிந்துதான் அவற்றைச் சேகரித்துத் தொகுத்தார்.

ஒரு கூடலில் பேத்தி ஒருத்தி ‘ஒரு கூடைக் கொழுந்’தை வாசித்துக்கொண்டு போனாள். பக்கத்தில் அவளுடைய அம்மாயி (பாட்டி). கொழுந்து நிறுக்கிற இடம் வந்ததும் அம்மாயி நிறுத்தச் சொன்னார். தராசுக்காரர் எப்படிக் கூடையைப் பிடிப்பார், எந்த விரலால் அழுத்துவார், ஈரத்துக்கென்று எவ்வளவு கழிப்பார் என்று கையால் செய்து காட்டினார். பிறகு “இப்ப படி” என்றார். அன்றைக்கு எங்களுக்கு உரை சொன்னவர் எழுத்துத் தெரியாத அந்த அம்மாயிதான்.

பாட்டை ஃபோனில் பதிவு செய்ய வேண்டுமென்றால் முதலில் அவர்களிடம் கேளுங்கள். ஒப்பாரியைச் சும்மா இருக்கிற நேரத்தில் பாடக் கூடாது என்று நினைக்கிறவர்கள் இருக்கிறார்கள். வற்புறுத்த வேண்டாம்.

சிங்களத்திலோ ஆங்கிலத்திலோ வாசித்ததைப் பேசலாமா?

தாராளமாக. நம் பிள்ளைகள் பலருக்குச் சிங்களம் நன்றாக ஓடும். மார்ட்டின் விக்கிரமசிங்கவின் ‘மடோல் தூவ’வைச் சிங்களத்திலேயே வாசித்துவிட்டு வந்த பிள்ளை, இரண்டு பையன்கள் வீட்டை விட்டுத் தீவுக்குப் போகிற பகுதியைத் தமிழில் சொன்னபோது சின்னவர்கள் வாயைத் திறந்தபடி கேட்டார்கள். பக்கத்தை மூலமொழியில் வாசித்துக் காட்டிவிட்டுத் தமிழில் சொல்லுங்கள்.

வீட்டைப் பற்றிப் பேச எனக்கு விருப்பமில்லை. அல்லது, சொல்ல வீடே இல்லை. வரலாமா?

வரலாம். “இன்றைக்குப் புத்தகம் மட்டும்” என்று சொன்னால் யாரும் ஏனென்று கேட்க மாட்டார்கள். குடித்துவிட்டு வந்து அடிக்கிற வீட்டில் பிடித்த இடம் இல்லாமல் இருப்பது எங்களுக்குத் தெரியாத விஷயமல்ல. அந்த நேரம் கையில் இருந்த புத்தகமே ஒருத்திக்கு ஒதுங்க இடமாக இருந்திருக்கலாம், அதைச் சொல்வதும் சொல்லாததும் அவள் இஷ்டம்.

வீட்டை இழந்தவர்கள் இந்த மலையில் நிறையப் பேர். 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி கொஸ்லந்தை மீரியபெத்தையில் மலை சரிந்து லயன்களை மூடியது. அன்றிலிருந்து பெருமழை இரவில் தூங்காத வீடுகள் பதுளையிலும் உண்டு, நம் பக்கத்திலும் உண்டு. மஸ்கெலியாவைப் பாருங்கள். மவுசாகலை நீர்த்தேக்கம் 1969இல் நிரம்பியபோது பழைய டவுன் முழுதும் தண்ணீருக்குள் போனது. வரட்சியில் நீர் இறங்கினால் பழைய கோயிலும் விகாரையும் பள்ளிவாசலும் வெளியே தெரியும், சனம் போய்ப் பார்க்கும். அந்த டவுனில் சின்ன வயதில் இருந்த ஓர் ஐயா, தன் வீட்டுக் கடையின் பலகைக் கதவைச் சொன்னார். காலையில் பலகைகளை இலக்கப்படி கழற்றி அடுக்குவது அவருடைய வேலை. எந்தப் பலகை எந்த இடம் என்று கைவிரலால் மேசையில் வரிசை காட்டினார். இல்லாத வீட்டில் பிடித்த இடத்தைச் சொல்லலாம் என்று அன்றைக்கு எல்லாருக்கும் விளங்கியது.

வீட்டுப் படம் எடுத்து வரலாமா?

உங்கள் வீடென்றால் எடுங்கள். பக்கத்து வீட்டு ஆட்களோ காய்கிற உடுப்போ படத்தில் விழுந்தால் அவர்களிடம் கேட்டுவிட்டுத்தான் காட்ட வேண்டும். ஒருவர் காட்டின படத்தை மற்றவர் ஃபேஸ்புக்கில் போடக் கூடாது, இதில் விட்டுக்கொடுப்பே இல்லை. கேட்காமல் படம் எடுக்கப்பட்டு அலுத்துப்போன சனம் நாம்.

நான் கொழும்பில் வேலை செய்கிறேன். எங்கள் பெரியம்மா குடும்பம் நீலகிரியில். நாங்கள் சேர முடியுமா?

ஃபோனில் சேருங்கள். வர முடியாதவர்கள் குரல் பதிவு அனுப்பினால் கூடலில் போட்டுக் கேட்போம். ஐந்து நிமிடத்துக்குள் இருக்கட்டும்.

சிறிமா – சாஸ்திரி ஒப்பந்தத்தில் இந்தியாவுக்குப் போனவர்களின் பிள்ளைகள் கூடலூரிலும் கோத்தகிரியிலும் இருக்கிறார்கள். தாயகம் திரும்பியோருக்கென்று 1968இல் தமிழ்நாடு அரசு தொடங்கின தேயிலைத் தோட்டங்களில் அவர்கள் திரும்பவும் கொழுந்துதான் எடுத்தார்கள், திரும்பவும் லயத்தில்தான் இருந்தார்கள். அங்கிருந்து வந்த ஒரு பதிவில் ஒரு பெரியம்மா தன் இன்றைய வீட்டைப் பற்றி ஒன்றும் பேசவில்லை. டிக்கோயாவில் தான் விட்டுவிட்டுப் போன இஸ்தோப்பைத்தான் சொன்னார், அதில் அம்மிக்கல் எந்தப் பக்கம் இருந்தது என்பது வரை. கேட்டுக்கொண்டிருந்தவர்களில் ஒரு பிள்ளை, அந்தத் தோட்டத்துக்குப் போய்ப் பார்த்து வருகிறேன் என்று பெயரைக் குறித்துக்கொண்டாள்.

சம்பளம், காணி, சங்கம் எல்லாம் பேச்சில் வருமே. சண்டை வராதா?

வரும். வீட்டைப் பற்றிப் பேசினால் காணியுறுதி வரும், கொழுந்தைப் பற்றி வாசித்தால் சம்பளம் வரும். அதைத் தடுத்தால் பொய்யாகப் பேச வேண்டியிருக்கும். கட்சிக்கு ஆள் சேர்ப்பதும் வேட்பாளருக்கு வாக்குக் கேட்பதும் மட்டும் கூடாது. ஒருவர் தன் வீட்டைப் பற்றிச் சொல்லும்போது இன்னொருவர் திருத்தக் கூடாது. புத்தகத்தைப் பற்றி எவ்வளவும் வாதாடலாம். ‘பிடிக்கவில்லை’ என்றால் எந்தப் பக்கத்தில் பிடிக்காமல் போனது என்று காட்ட வேண்டும்.

முதல் தடவை வருகிறேன். எப்போது வர வேண்டும், என்ன கொண்டுவர வேண்டும்?

பத்தாம் திகதிச் சம்பளத்துக்குப் பிறகு வருகிற ஞாயிற்றுக்கிழமை, பிற்பகல் இரண்டு மணிக்கு. கையில் பஸ் காசு இருக்கிற நேரம் என்பதால்தான் அந்த நாள். சிவனொளிபாதமலை சீசனில், டிசம்பரிலிருந்து மே வரை, அந்த ஞாயிறு போயாவோடு (பௌர்ணமி விடுமுறையோடு) சேர்ந்து வந்தால் ஒரு வாரம் தள்ளி வைப்போம். அப்போது ஹட்டன் பஸ் ஸ்டாண்டில் நம் ஆட்களுக்கு ஏற இடமே கிடைக்காது. மஸ்கெலியா, நல்லதண்ணிப் பக்கம் திரும்பிப் போக வேண்டியவர்கள் முதலில் பேசுவார்கள், நாலரைக்குக் கிளம்பிவிடலாம்.

புத்தகத்தை ஒரு ஷொப்பிங் பையில் சுற்றி, பைக்குள் வைத்துக்கொண்டு வாருங்கள். குடை வேண்டும். சின்னப் பிள்ளை இருந்தால் கூட்டிக்கொண்டு வாருங்கள், அவர்களுக்குப் பக்கத்து அறையில் படக்கதை வாசிக்க ஒரு தங்கச்சி இருக்கிறாள். எழுதிக்கொண்டு வர வேண்டாம். என்ன வாசித்தீர்கள், எங்கே உட்கார்ந்து வாசித்தீர்கள் என்று இரண்டு கேள்வி நாங்களே கேட்போம், அதிலிருந்து தொடங்கலாம்.